கேள்வியை எழுதும் கை

(அரசியல் வகுப்பொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தேர்தல் என்ற சொல் காதில் விழுந்ததும் நம் கண்முன் வந்து நிற்பவை எவை? வேட்பாளரின் முகம், கட்சியின் கொடி, சுவரில் தீட்டிய சின்னம். யாருக்கு வாக்கு என்பதே நாம் பழகிய தேர்தல். ஆனால் வேட்பாளரே இல்லாத தேர்தலும் உலகத்தில் உண்டு. அங்கே கொடி இல்லை, சின்னம் இல்லை. வாக்குச் சீட்டிலே ஒரு கேள்வி மட்டும் அச்சிடப்பட்டிருக்கும். அதற்கு 'ஆம்' அல்லது 'இல்லை' என்று மக்கள் விடை தரவேண்டும். அமெரிக்க நாட்டின் பெரும்பாலான மாநிலங்களில், பள்ளிக்கூடம் கட்டுவதற்குக் கடன் வாங்கலாமா என்பதை இவ்வாறுதான் முடிவு செய்கிறார்கள். அந்தக் கேள்வியை எந்தச் சொற்களால் எழுதவேண்டும் என்று அங்கே வகுத்திருக்கும் விதிகளைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

"எங்கோ ஓர் ஊரின் பள்ளிக் கடன் நமக்கு எதற்கு?" என்று சில தோழர்கள் எண்ணக்கூடும். நம் நாட்டிலே பள்ளிக்கூடத்துக்குக் கடன் வாங்க மக்களிடம் சீட்டுக் கொடுத்துக் கேட்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் மக்களாட்சி என்பது மக்களைக் கேட்டு நடப்பது என்று மேடைதோறும் முழங்குகிறோம் நாம். மக்களைக் கேட்பது என்றால் என்ன? கேள்வியை எழுதுவது யார்? எழுதுகிறவன் தனக்கு வேண்டிய விடையைக் கேள்விக்குள்ளேயே ஒளித்து வைத்தால் அதைத் தடுப்பது எது? இவற்றை எண்ணிப் பார்க்க இதைவிடத் தெளிவான பாடம் வேறில்லை.

பள்ளி வட்டாரம்

முதலில் அடிப்படையைப் புரிந்துகொள்வோம். அங்கே பள்ளிகளை நடத்துவதற்கென்றே தனி உள்ளாட்சிகள் இருக்கின்றன. நாடு முழுவதும் ஏறத்தாழ 13,000. பள்ளி வட்டாரம் என்று அவற்றை நாம் அழைக்கலாம். பெரும்பாலானவற்றுக்கு மக்கள் தேர்ந்தெடுத்த நிர்வாகக் குழு உண்டு. வட்டாரத்துக்குள் இருக்கும் வீடு, நிலம், கடை, தொழிற்சாலை ஆகியவற்றின் மீது விதிக்கும் சொத்து வரியே அவற்றின் முக்கிய வருவாய்களில் ஒன்று.

ஆசிரியர் சம்பளத்தை ஆண்டு வருவாயிலிருந்து கொடுக்கலாம். ஆனால் புதுக் கட்டடம் எழுப்பவும், ஒழுகும் கூரையை மாற்றவும், ஆய்வுக்கூடம் அமைக்கவும் பெருந்தொகை ஒரே நேரத்தில் வேண்டும். அதற்காக வட்டாரம் கடன் பத்திரங்களை வெளியிடுகிறது. பணம் படைத்தோரும் நிதி நிறுவனங்களும் அவற்றை வாங்குகின்றனர். இருபது, முப்பது ஆண்டுகளில் வட்டியும் முதலுமாகச் சொத்து வரியிலிருந்து அந்தக் கடன் அடைக்கப்படுகிறது. இன்று வாக்களிப்பவர் மட்டுமல்ல, இன்று தொட்டிலிலே கிடக்கும் குழந்தையும் வளர்ந்து வீடு வாங்கினால் அந்த வரியைக் கட்டும். ஆகவேதான் மக்களைக் கேட்காமல் கடன் வாங்கக்கூடாது என்று சட்டம் நிறுத்துகிறது.

பெரும்பான்மை என்பது எத்தனை?

டெக்சாஸ் மாநிலத்திலே பாதிக்கு மேல் ஒரு வாக்கு கிடைத்தால் கடன் தீர்மானம் நிறைவேறிவிடும். கலிபோர்னியாவிலோ கதை வேறு. 1879-ஆம் ஆண்டின் அரசியல் சட்டமே, உள்ளாட்சி கடன் வாங்க மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்று விதித்தது. 1978-இல் சொத்து வரியை மதிப்பில் நூற்றுக்கு ஒன்று என்று கட்டிப்போட்ட புகழ்பெற்ற 13-ஆம் தீர்மானம் நிறைவேறியது. அதன் பிறகு இத்தகைய புதுக் கடன் பத்திரங்களுக்கு வழியே அடைபட்டது. 1986-இல் அந்த வழி மறுபடி திறக்கப்பட்டது. ஆனால் மூன்றில் இரண்டு பங்கு என்ற பூட்டு அப்படியே இருந்தது.

நூறு பேரில் அறுபத்தாறு பேர் "பள்ளி கட்டுங்கள்" என்கிறார்கள். முப்பத்து நான்கு பேர் "வேண்டாம்" என்கிறார்கள். முப்பத்து நான்கு வென்றுவிடும்! அந்தப் பூட்டைத் தளர்த்த 2000-ஆம் ஆண்டு மார்ச்சில் ஒரு முயற்சி நடந்து தோற்றது. அதே ஆண்டு நவம்பரில் 39-ஆம் தீர்மானம் வென்றது. குறிப்பிட்ட நிபந்தனைகளை ஏற்றுக்கொள்ளும் பள்ளிக் கடனுக்கு 55 விழுக்காடு போதும் என்றாயிற்று.

இதிலே ஒரு வேடிக்கை இருக்கிறது, தோழர்களே. 1978-இன் தீர்மானம், உள்ளாட்சிகள் விதிக்கும் தனி வரிகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கைக் கேட்டது. அந்தத் தீர்மானமே மூன்றில் இரண்டு பங்கு பெறவில்லை. 39-ஆம் தீர்மானம் 55 விழுக்காடு கேட்டது. அதற்குக் கிடைத்ததோ 53 விழுக்காட்டுக்குச் சற்று மேல். அரசியல் சட்டத்தைத் திருத்தப் பாதிக்கு மேல் போதும். பள்ளிக்கூடத்தின் கூரையைத் திருத்த அது போதாது!

இவ்வளவு குறுகிய இடைவெளியிலே வெற்றியும் தோல்வியும் நிற்கும்போது, சீட்டில் உள்ள ஒவ்வொரு சொல்லும் எடை பெறுகிறது. நூற்றுக்கு இரண்டு பேரின் மனத்தை ஒரு சொல் திருப்பினால் போதும். பள்ளி எழும் அல்லது எழாது.

சட்டம் சொல்வது என்ன?

கலிபோர்னியாவில் சீட்டிலே அச்சிடும் வாசகம் 75 சொற்களுக்கு மேல் போகக்கூடாது. கூடத்தில் இருப்பவர்கள் எண்ணிப் பாருங்கள். நான் உங்களை விளித்து இரண்டு மூன்று வாக்கியம் பேசுவதற்குள் அந்த அளவு தீர்ந்துபோகும். அதற்குள் என்னென்ன அடங்கவேண்டும்? கடன் தொகை, உச்ச வட்டி, எதற்காகக் கடன் என்ற விவரம் ஆகியவை இருக்கவேண்டும் என்கிறது கல்விச் சட்டம். 55 விழுக்காட்டு வழியில் போகும் கடனானால், குடிமக்கள் மேற்பார்வைக் குழு அமைக்கப்படும், ஆண்டுதோறும் தணிக்கை நடக்கும், பள்ளி மேம்பாட்டுக்கன்றி வேறெதற்கும் பணம் செலவாகாது என்ற உறுதிமொழியையும் சீட்டிலே அச்சிடவேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, வாசகம் உண்மையானதாகவும் நடுநிலையானதாகவும் இருக்கவேண்டும், வாதம் செய்வதாகவோ ஒரு பக்கம் சாய்ப்பதாகவோ இருக்கலாகாது என்று தேர்தல் சட்டம் ஆணையிடுகிறது.

ஆணை நன்று. ஆனால் அந்த வாசகத்தை எழுதுவது யார்? பெரும்பாலும் கடன் கேட்கும் நிர்வாகக் குழுவேதான். அதற்கு ஆலோசனை சொல்லத் தொழில்முறை வல்லுநர்கள் இருக்கின்றனர். எந்தச் சொல் மக்களுக்குப் பிடிக்கும் என்று முன்கூட்டியே கருத்துக் கணிப்பு நடத்தி, அந்தச் சொல்லைச் சீட்டின் முதல் வரியில் வைக்கிறார்கள்.

1976-இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் ஸ்டான்சன் வழக்கிலே ஒரு சிறந்த தீர்ப்பு அளித்தது. தேர்தலில் ஒரு பக்கத்துக்காகப் பொதுப் பணத்தைச் செலவிட்டுப் பிரசாரம் செய்ய அரசு அலுவலகங்களுக்கு அதிகாரமில்லை. நடுநிலையான தகவலைத் தரலாம், அவ்வளவே என்றது. ஆகவே பள்ளி வட்டாரம் "ஆம் என்று வாக்களியுங்கள்" என்று ஒரு துண்டறிக்கைகூடப் பொதுப் பணத்தில் அச்சிட முடியாது. ஆனால் ஒவ்வொரு வாக்காளரும் கட்டாயமாகப் படிக்கும் துண்டறிக்கை ஒன்று இருக்கிறதே, அதுதான் வாக்குச் சீட்டு! அதை எழுதும் பேனா அந்தக் குழுவின் கையில் இருக்கிறது.

இன்னொன்றும் கேளுங்கள். கடன் தொகையில் பிழை இருந்தால் தவிர, வாசகத்தில் உள்ள வேறெந்தக் குறையும் அந்தத் தேர்தலைச் செல்லாததாக்காது என்று அதே கல்விச் சட்டம் கூறுகிறது. அதாவது, சாய்வான சொல்லை எதிர்ப்பவர் தேர்தலுக்கு முன்பே நீதிமன்றம் ஏறவேண்டும். சீட்டு அச்சேறி வாக்கும் விழுந்துவிட்டால் நியாயம் கேட்பது அரிது.

ஒரே கடன், மூன்று கேள்விகள்

சொல்லின் வலிமையை விளக்க நானே ஒரு கற்பனைக் கணக்கை அமைத்துக் காட்டுகிறேன். ஒரு வட்டாரம் 10 கோடி டாலர் கடன் வாங்க விரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். வட்டி நூற்றுக்கு நான்கு. தவணை முப்பது ஆண்டு. வரி, ஒரு லட்சம் டாலர் சொத்து மதிப்புக்கு ஆண்டுக்கு 60 டாலர்.

முதல் கேள்வி இப்படி: "நம் குழந்தைகளின் பாதுகாப்பை உறுதிசெய்யவும், ஒழுகும் கூரைகளைச் செப்பனிடவும், குடிமக்கள் மேற்பார்வையுடன் 10 கோடி டாலர் கடன் பத்திரங்களை வெளியிடலாமா?" இதற்கு 'இல்லை' சொல்ல எந்தத் தாய்க்கு மனம் வரும்?

இரண்டாவது கேள்வி இப்படி: "உங்கள் வீட்டு வரியை முப்பது ஆண்டுகளுக்கு உயர்த்தி, 10 கோடி டாலர் கடன் சுமையை ஏற்றலாமா?" இதற்கு 'ஆம்' சொல்ல எந்த ஓய்வூதியருக்குத் துணிவு வரும்?

மூன்றாவது கேள்வி இப்படி: "வகுப்பறைகளைச் செப்பனிட 10 கோடி டாலர் கடன் வாங்கி, ஒரு லட்சம் டாலர் மதிப்புக்கு ஆண்டுக்கு 60 டாலர் வரி விதித்து, முப்பது ஆண்டுகளில் வட்டியுடன் ஏறத்தாழ 17 கோடி டாலராகத் திருப்பிச் செலுத்தலாமா?"

முதல் இரண்டும் பொய்யில்லை, தோழர்களே. ஒன்றிலே நன்மை மட்டும் நிற்கிறது, மற்றொன்றிலே விலை மட்டும் நிற்கிறது. மூன்றாவது கேள்வியில்தான் பொருளும் விலையும் ஒரே தட்டியில் எழுதப்பட்டிருக்கின்றன. சந்தைக்குப் போகும் ஏழைக்கு நாம் கேட்கும் உரிமையே அதுதானே! வாக்குச் சாவடிக்குப் போகிறவருக்கு மட்டும் அது இல்லையா?

விலையை எழுதச் சொன்ன சட்டம்

இந்தக் குறையைப் போக்கக் கலிபோர்னியாவில் 2017-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டு 2018-இல் நடைமுறைக்கு வந்தது. வரி விதிக்கும் எந்த உள்ளாட்சித் தீர்மானமானாலும், வரி விகிதம், அது நீடிக்கும் காலம், ஆண்டுதோறும் திரட்டப்படும் தொகை ஆகிய மூன்றையும் சீட்டிலேயே எழுதவேண்டும் என்றது. பள்ளிக் கடனுக்கும் இது பொருந்தியது.

பள்ளி வட்டாரங்கள் முணுமுணுத்தன. அவர்கள் வாதத்தையும் நாம் நேர்மையாகக் கேட்கவேண்டும். கடன் பத்திரங்கள் ஒரே நாளில் விற்கப்படுவதில்லை; பகுதி பகுதியாகப் பல ஆண்டுகளில் விற்கப்படும். சொத்து மதிப்பு மாறும், வட்டி மாறும், ஆகவே வரி விகிதமும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அதை ஒற்றை எண்ணாக 75 சொற்களுக்குள் அடைத்தால் தெளிவைவிடக் குழப்பமே மிஞ்சும் என்றனர். வரி விவரத்தை வாக்காளர் கையேட்டில் விரிவாகத் தரலாம், சீட்டிலே "கையேட்டைக் காண்க" என்று எழுதினால் போதும் என்ற மசோதா 2019-இல் சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஆளுநர் நியூசம் அதற்கு ஒப்புதல் தர மறுத்துவிட்டார்.

கையேட்டிலே இருப்பதும் சீட்டிலே இருப்பதும் ஒன்றா? கையேடு வீட்டு மேசையிலே கிடக்கும். சீட்டு வாக்களிப்பவர் கையிலே இருக்கும். உழைத்துக் களைத்து வந்த மனிதர் எதைப் படிப்பார் என்பதை நாம் அறிவோம். விவரம் மாறக்கூடியது என்றால் "ஏறத்தாழ" என்று எழுதுங்கள். எழுதாமலே விடுவதற்கு அது காரணமாகாது.

2020 மார்ச்சில் அங்கே உள்ளாட்சிப் பள்ளிக் கடன் தீர்மானங்கள் பல தோற்றன. காரணம் இந்தப் புது வாசகமே என்றனர் சிலர். அதே நாளில் மாநிலம் முழுமைக்குமான 1,500 கோடி டாலர் பள்ளிக் கடன் தீர்மானமும் தோற்றது. அதற்கு வாய்த்த எண் என்ன தெரியுமா? 13! எண்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒன்றிலிருந்து தொடங்குவதால், 1978-இன் வரி வரம்புத் தீர்மானத்துக்கு இருந்த அதே எண் பள்ளிக் கடனுக்கும் வந்து சேர்ந்தது. பழைய 13-ஐத்தான் மாற்றப்போகிறார்கள் என்று மயங்கி எதிர்த்தவர்களும் உண்டு என்று பலர் கருதினர். சொல் மட்டுமல்ல, சீட்டிலே ஓர் எண்கூடப் பேசும் என்பதற்கு இது சான்று. 2024 நவம்பரில் 1,000 கோடி டாலர் பள்ளிக் கடன் வேறோர் எண்ணில் வாக்குக்கு வந்தபோது மக்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

டெக்சாஸின் ஐந்து சொற்கள்

இனி டெக்சாஸுக்கு வருவோம். 2019-இல் அந்த மாநிலத்தின் சட்டமன்றம் பள்ளிக் கடன் சீட்டுகளுக்கு ஒரு கட்டாய வாசகத்தை விதித்தது. ஆங்கிலத்தில் ஆறே சொல். நம் மொழியில் சொன்னால், "இது ஒரு சொத்து வரி உயர்வு" என்ற ஐந்து சொல். அதைச் சட்டத்திலேயே பெரிய எழுத்துகளில் பொறித்தார்கள்.

விலையைச் சொல்லவேண்டும் என்று சற்றுமுன் நான்தானே வாதாடினேன், இதை ஏன் குறை சொல்லவேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. பழைய கடன் அடைந்து அதன் இடத்தில் புதுக் கடன் வரும்போதும், ஊர் வளர்ந்து சொத்து மதிப்பு பெருகும்போதும், வரி விகிதம் உயராமலே கடன் வாங்க இயலும். அப்போதும் அதே வாசகத்தை அச்சிடவேண்டும்! எவ்வளவு உயர்வு, யாருக்கு உயர்வு, எத்தனை ஆண்டுக்கு என்ற கணக்கு எதுவும் அந்த வாசகத்தில் இல்லை. பழைய கடன் தீர்ந்தால் இறங்கவேண்டிய வரி புதுக் கடனால் இறங்காமல் நிற்கிறது, ஆகவே அதுவும் உயர்வே என்று அந்தச் சட்டத்தை ஆதரிப்போர் வாதிடுகின்றனர். அந்த வாதத்தில் உண்மையின் ஒரு கூறு உண்டு, மறுக்கவில்லை. அப்படியானால் அதையே எழுதுங்கள்! "இது நிறைவேறாவிட்டால் வரி இவ்வளவு குறையும், நிறைவேறினால் இவ்வளவு இருக்கும்" என்று எழுத எது தடை?

அதே ஆண்டில் அதே சட்டமன்றம் நல்ல வேலையும் செய்திருக்கிறது என்பதை மறைக்கக்கூடாது. கடனின் முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு இருக்கக்கூடும், ஒரு லட்சம் டாலர் மதிப்புள்ள குடியிருப்பு வீட்டுக்கு வரி எவ்வளவு கூடும் என்று காட்டும் தகவல் தாளை உள்ளாட்சிகள் ஆயத்தம் செய்து வெளியிடவேண்டும் என்று அது விதித்தது. கணக்கு தாளிலே போயிற்று. அச்சம் சீட்டிலே வந்தது. இடம் மாறியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

பந்தாட்ட அரங்கும் வகுப்பறையும்

கேள்வியிலே சொல்லை ஒளிக்கலாம் என்பதுபோல, கேள்விக்குள் பொருளையும் ஒளிக்கலாம். டெக்சாஸில் ஆலன் என்ற நகரம் இருக்கிறது. 2009-இல் அந்தப் பள்ளி வட்டார மக்கள் 11 கோடியே 90 லட்சம் டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்தனர். அதிலிருந்து ஏறத்தாழ 6 கோடி டாலர் செலவில் 18,000 பேர் அமரும் கால்பந்தாட்ட அரங்கு எழுந்தது, 2012-இல் திறக்கப்பட்டது. 2014-இல் கான்கிரீட்டில் வெடிப்புகள் கண்டு மூடப்பட்டது. பழுது நீக்கி 2015-இல் மறுபடி திறந்தார்கள்.

அந்த மக்கள் அரங்கை விரும்பியே வாக்களித்திருக்கலாம். அது அவர்கள் உரிமை. ஆனால் வகுப்பறையையும் அரங்கையும் ஒரே கேள்வியில் கட்டிவிட்டால், வகுப்பறை வேண்டும், அரங்கு வேண்டாம் என்பவர் என்ன செய்வார்? ஆயிரம் பேருக்கு மேல் அமரும் விளையாட்டரங்கு, நீச்சல் அரங்கம், கலையரங்கம் போன்றவற்றைத் தனித்தனிக் கேள்வியாகவே கேட்கவேண்டும் என்று டெக்சாஸ் சட்டம் அண்மை ஆண்டுகளில் விதித்தது. வாசக விதிகளில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். ஒரு கேள்விக்கு ஒரு பொருள் என்றிருந்தால்தான் விடைக்கும் ஒரு பொருள் இருக்கும்.

சொல்லால் ஆகாதவை

எனினும் நல்ல வாசகம் ஒன்றே நீதியைக் கொண்டுவந்துவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். கலிபோர்னியாவின் பொவே பள்ளி வட்டாரம் 2008-இல், வரி விகிதத்தை உயர்த்தமாட்டோம் என்ற வாக்குறுதியோடு மக்களின் ஒப்புதலைப் பெற்றது. வாக்குறுதியைக் காப்பாற்றவேண்டும், பணமும் வேண்டும். 2011-இல் என்ன செய்தார்கள்? ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கு ஒன்றும் திருப்பித் தராமல், வட்டியை முதலோடு சேர்த்துக்கொண்டே போகும் பத்திரங்களை வெளியிட்டார்கள். வாங்கியது ஏறத்தாழ 10 கோடியே 50 லட்சம் டாலர். 2051 வரை திருப்பிச் செலுத்தவேண்டியதோ 98 கோடி டாலர் அளவு! சீட்டிலே சொன்ன சொல் காப்பாற்றப்பட்டது. கடனின் பாரமோ அன்று வாக்கே இல்லாதிருந்த தலைமுறையின் தோளில் ஏறியது. இந்தச் செய்தி வெளியாகி எழுந்த கண்டனத்தின் பின், 2013-இல் மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. அத்தகைய பத்திரங்களுக்கு 25 ஆண்டுக்கு மேல் தவணை கூடாது, வாங்கியதைப்போல் நான்கு மடங்குக்கு மேல் திருப்பிச் செலுத்தும் கடன் கூடாது என்று வரம்பு கட்டியது. விகிதத்தை மட்டும் சொல்லி மொத்தத்தைச் சொல்லாத வாசகம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இதைவிட ஆழமான அநீதி ஒன்று உண்டு. சான் அன்டோனியோ நகரிலே 1960-களின் இறுதியில் எட்ஜ்வுட் என்ற ஏழை வட்டாரம் நூறு டாலர் மதிப்புக்கு 1.05 டாலர் வரி விதித்தது. பக்கத்திலேயே ஆலமோ ஹைட்ஸ் என்ற செல்வர் வட்டாரம் 85 சென்ட் விதித்தது. கூடுதலாக வரி கட்டிய ஏழைகளுக்கு ஒரு மாணவனுக்குக் கிடைத்தது 26 டாலர். குறைவாகக் கட்டிய செல்வர்களுக்கு 333 டாலர். இந்த முறை அரசியல் சட்டத்துக்கு முரணன்று என்று 1973-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. "இது ஒரு சொத்து வரி உயர்வு" என்ற அதே வாசகம் இத்தகைய இரண்டு ஊர்ச் சீட்டிலும் ஒன்றுபோல் அச்சாகிறது. ஓர் ஊரிலே அதன் பொருள், சிறு வரியில் பெரிய பள்ளி. மற்றோர் ஊரிலே அதன் பொருள், பெரிய வரியில் சிறிய பள்ளி. சொல் சமம், ஊர் சமமில்லை. இந்த ஏற்றத்தாழ்வை எந்த வாசக விதியாலும் நீக்க முடியாது; வரி முறையைத்தான் மாற்றவேண்டும்.

நாம் கொள்ளவேண்டியது

அப்படியானால் வாசக விதிகளால் பயன் என்ன? பயன் உண்டு, தோழர்களே. கேட்பவன் கையைச் சட்டம் கட்டாவிட்டால், கேட்பது ஒரு சடங்காகிவிடும். ஆனால் அந்தக் கட்டு இரண்டு கைகளுக்கும் ஒன்றுபோல் இருக்கவேண்டும். கடன் கேட்பவன் தேன் தடவுவதைத் தடுக்கும் சட்டம், வரியை வெறுப்பவன் மிளகாய் தூவுவதையும் தடுக்கவேண்டும். எவ்வளவு வாங்குகிறோம், எதற்கு வாங்குகிறோம், எவ்வளவு திருப்பித் தருகிறோம், யார் தருகிறார்கள், எத்தனை ஆண்டு தருகிறார்கள் என்ற ஐந்துக்கும் விடை சீட்டிலே இருக்கட்டும். புகழ்ச் சொல்லும் வேண்டாம். பயமுறுத்தும் சொல்லும் வேண்டாம்.

மக்கள் விலையை அறிந்தால் பள்ளிக்கு வாக்களிக்கமாட்டார்கள் என்று அஞ்சுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். விலையை மறைத்துப் பெற்ற 'ஆம்' ஒருநாள் வெளிப்படும். அன்றைக்கு அடுத்த பத்துப் பள்ளிகளுக்குக் கிடைக்கவேண்டிய 'ஆம்' பறிபோகும். விலையை அறிந்தே சொன்ன 'ஆம்' மட்டுமே முப்பது ஆண்டு நிலைக்கும். நம் கூட்டங்களில் தீர்மானம் எழுதும்போதும், மக்களிடம் கையொப்பம் வாங்கப் படிவம் நீட்டும்போதும் இதை நினைவில் வையுங்கள். முதலில் அந்தத் தாளை எதிர்க்கருத்துள்ள ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். "எனக்கு இதில் உடன்பாடில்லை, ஆனால் கேள்வி நேர்மையானது" என்று அவர் சொன்னால், அதை மக்களிடம் கொண்டு செல்லுங்கள். சொல்லாவிட்டால், உட்கார்ந்து திருத்தி எழுதுங்கள்.